வைண்டிங் ஹாலுக்குக் காற்று

கரண்ட் போகும்போது எனக்குப் பயம் வருவதில்லை, போனபிறகு என்னால் எந்தத் தவறும் செய்ய முடியாது, நூல் நூற்கும் இயந்திரங்களும் காற்றாடிகளும் தண்ணீர் பம்புகளும் நானும் ஒன்றாக நின்றுவிடுவோம், கரண்ட் திரும்பி வரும்போதுதான் பயம், இதோ வந்துவிட்டது, பலகையில் சிவப்பு மஞ்சள் நீலம் மூன்று விளக்குகளும் எரிகின்றன, மூன்றும் ஒரே வெளிச்சமாக எரிகின்றனவா என்று பார்க்கிறேன், எரிகின்றன, மறுபடியும் பார்க்கிறேன். வெளியே வேடசந்தூர் ரோட்டில் தார் இளகும் வெயில், சித்திரை மதியம், இந்தக் கன்ட்ரோல் ரூமிலும் விசிறி நின்று வெகுநேரம் ஆகிவிட்டது, சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. இதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது, ஸ்பின்னிங்கிலிருந்து, கார்டிங்கிலிருந்து, பேக்கிங்கிலிருந்து, எல்லோருக்கும் ஒரே கேள்வி, போடலாமா, போடலாமா. மூலையில் ஸ்டூலில் சாய்ந்திருந்த வயர்மேன் மொக்கைச்சாமி அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொல்கிறார், "வந்துருச்சுல்ல, இனிமே கலியாண வீட்டுப் பந்திக்கு ஓடியாற மாதிரி ஓடியாருவாய்ங்க. நீங்க கதவைச் சாத்திட்டு உள்ள நில்லுங்க சார்." சிரிக்க வேண்டும், சிரித்தேனா என்று தெரியவில்லை, முகத்தில் ஏதோ அசைந்தது. சார் என்று அவர் கூப்பிடும்போது இன்னமும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. சீஃப் இன்ஜினியர் மகளுக்கு நிச்சயதார்த்தம், கோயம்புத்தூர் போய்விட்டார், போகும்போது சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, "அமலதாஸ், டிமாண்ட் லிமிட்டைத் தாண்டாம பாத்துக்க, அது போதும், வேற எதுவும் சாமர்த்தியம் காட்ட வேணாம்" என்றார். இல்லை சார், காட்ட மாட்டேன் சார் என்றேன், இரண்டு சார் போட்டிருக்க வேண்டாம்.

முதலில் தண்ணீர் பம்பு. அது எழுந்து நிற்கட்டும். எழும்போது மோட்டார் வெறிபிடித்ததுபோல இழுக்கும், ஓடத் தொடங்கியபின் சாதுவாகிவிடும், அதனால் ஒன்று எழுந்து சாதுவான பிறகுதான் அடுத்தது, கல்லூரியில் இதை ஒரு படம் போட்டு விளக்கினார்கள், வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு கோடு, அதை அழகாக வரைந்து பேராசிரியரிடம் நல்ல பெயர் வாங்கினேன், அந்தக் கோட்டின் உச்சியில் ஒரு மனிதன் உட்கார்ந்துகொண்டு பயப்படுவான் என்று யாரும் சொல்லவில்லை. பம்பு சாதுவாகிவிட்டது. இப்போது சில்லர், எல்லா ஹாலுக்கும் குளிர்ந்த தண்ணீர் தருவது. இழுக்கிறது, இழுக்கும், இவ்வளவு நேரம் நின்றதில் எல்லா ஹாலும் சூடாகியிருக்கும், இழந்த குளிரைத் திரும்பப் பிடிக்கும்வரை முழு வேகத்தில்தான் ஓடும், சாதாரண நாளில் பாதி வேகத்தில் முனகிக்கொண்டிருக்கும் இயந்திரம் இது. திரையில் எண் ஏறுகிறது. அரை மணி நேரத்தில் ஆலை சராசரியாக எவ்வளவு இழுத்தது என்று மின்வாரிய மீட்டர் பார்க்கும், அடுத்த அரை மணி, அதற்கடுத்த அரை மணி, மாதம் முழுக்க, அதில் எது மிக அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், லிமிட்டைத் தாண்டியிருந்தால் அபராதம் போடும், மற்ற அரை மணிகளில் நாம் எவ்வளவு ஒழுங்காக இருந்தோம் என்பது அதற்குக் கணக்கில்லை. கரண்ட் வந்த இந்த அரை மணி கொஞ்சம் ஏமாற்றும், பாதி இருட்டிலேயே போய்விட்டதால் சராசரி குறைவாகத் தெரியும், அடடா இடமிருக்கிறதே என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டால் அடுத்த அரை மணி கழுத்தைப் பிடிக்கும். ஏமாறக் கூடாது. ஸ்பின்னிங் ஹாலின் ஏசி பிளான்ட்டைப் போடுகிறேன், பெரிய காற்றாடிகள், ஈரம் தெளிக்கும் பம்புகள், ஒவ்வொன்றாக, அங்கே காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும், அறுந்தால் பெண்கள் ஓடி ஓடி ஒட்ட வேண்டும். காற்றாடி எழும் அதிர்வு தரைவழியாகச் செருப்புக்கு வருகிறது. நல்லது. மூச்சு விடு. அப்பா தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து இதையேதான் சொல்வார், மூச்சு விடுடா, ஏன்டா படிக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டே படிக்கிற.

அடுத்தது வைண்டிங், நூற்ற நூலைச் சுற்றியெடுக்கும் ஹால். நான் போட்ட வரிசை அது, சீஃப் பார்த்துத் தலையசைத்த வரிசை, முதலில் ஸ்பின்னிங்குக்கும் வைண்டிங்குக்கும் காற்று, பிறகுதான் இயந்திரங்கள். வைண்டிங் ஹால் சின்னது, கடைசிக் கட்டிடம், ஜன்னல் இல்லை, இந்த ஆலையில் எந்த ஹாலுக்கும் ஜன்னல் இல்லை, ஈரம் ஓடிவிடக் கூடாது என்று கட்டியிருக்கிறார்கள், கரண்ட் போனால் கதவைத் திறக்கவும் கூடாது, திறந்தால் சேர்த்து வைத்த ஈரமெல்லாம் வெயிலுக்குப் போய்விடும், பிறகு அதைத் திரும்பப் பிடிக்க இன்னும் கூடுதலாக இழுக்கும், அதனால் இயந்திரத்தின் காலடியிலேயே உட்கார்ந்து காத்திருப்பார்கள். மற்ற ஹால்கள் தாங்கும். வைண்டிங்குக்கு ஒட்டினாற்போலத்தான் நூலுக்கு ஆவி காட்டும் அறை, கரண்ட் நின்றாலும் அந்தச் சுவர் கொதித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் வரிசையில் அதை இயந்திரங்களுக்கு முன்னால் வைத்தேன், அதனால் மட்டும்தானா, ஆமாம், அதனால் மட்டும்தான், தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய் அளந்தேனே. என் அக்கா சகாயமேரி அந்தச் சுவரிலிருந்து இரண்டாவது இயந்திரத்தில் நிற்கிறாள். நின்று நின்று அந்த ஈரக் காற்றுக்கு அவள் உடம்பு பழகிவிட்டது, வீட்டுக்கு வந்தால் விசிறியை நிறுத்தச் சொல்வாள், "காஞ்ச காத்துடா இது, மூக்கெல்லாம் எரியுது" என்பாள், நான் செமஸ்டர் விடுமுறையில் வியர்த்துக்கொண்டே படிப்பேன், அவள் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அதை எடுத்துவிட்டால் எரிச்சல்படுவாள், இருக்கட்டும்டா நாளைக்கும் ஒட்டத்தானே போகுது. அவள் மூச்சு விடும் காற்றைத் தயாரிக்கிற வேலைக்கு நான் வருவேன் என்று யார் நினைத்தது. விரல் பட்டன் மேல் இருக்கிறது. எண்ணைப் பார்க்கிறேன், புது அரை மணி தொடங்கிவிட்டது, சில்லர் இன்னும் முழு வேகம், இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கிறது, ஒன்றே ஒன்றுக்கு.

போன். எடுக்காமல் இருக்கலாம். எடுத்துவிட்டேன். கோவர்த்தனன் சார், புரொடக்ஷன் மேனேஜர், குரல் எப்போதும் வெண்ணெய் மாதிரி இருக்கும், அந்தக் குரலுக்குத்தான் ஆலையே பயப்படுகிறது. "தம்பி, ஸ்பின்னிங்ல காத்து வந்துருச்சுங்க. மெசினை எப்ப ஓட்டலாமுங்க?" வைண்டிங் பிளான்ட் போட்டுவிட்டு, சில்லர் கொஞ்சம் தணிந்ததும் ஓட்டலாம் சார். "வைண்டிங் எதுக்குங்க இப்ப? அங்கதான் மெசினே ஓடலீங்களே. இங்க நூல் வந்தாத்தானே அங்க சுத்துறதுக்கு வேலை. சும்மா உக்காந்திருக்கறவங்களுக்கு என்னாத்துக்குக் காத்து?" சார், அங்கே ஆவி அறைச் சுவர் இருக்கிறது, சூடு அதிகம், வரிசைப்படி என்று தொடங்கினேன், அவர் இடையில் லேசாகச் சிரித்தார், கோபமே இல்லாத சிரிப்பு. "ஓ. அக்கா அங்கதான் இருக்காங்களாட்ட இருக்குது. செரி செரி, பாசம் இருக்கோணுமில்ல தம்பி. நீங்க பார்த்து செய்யுங்க." பார்த்துச் செய்யுங்கள். காது சுடுகிறது. இல்லை சார், அப்படியெல்லாம் இல்லை சார், என்றேன், யாரும் குற்றம் சொல்லாதபோதே மறுத்தேன், ஸ்பின்னிங் முதல் வரிசை இயந்திரங்களுக்கு இப்போதே தருகிறேன் சார், என்றேன். யார் சொன்னது அதை. என் வாய்தான். "நல்லதுங்க" என்று அவர் வைத்துவிட்டார். கையும் சுவிட்சைப் போட்டுவிட்டது, ஒரு வரிசை இயந்திரம் எழும் இரைச்சல் சுவரைத் தாண்டி வருகிறது, எண் ஏறுகிறது, ஏறி, தாண்டக் கூடாத எண்ணுக்குக் கீழே மூச்சடக்கி நிற்கிறது, இருந்த இடம் போயிற்று. மொக்கைச்சாமி அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து, "வைண்டிங்னு சொல்லிக்கிட்டு இருந்தீகளே" என்றார். அப்புறம், அண்ணே, அப்புறம். "சரி, நமக்கென்ன" என்று மூடிக்கொண்டார்.

இப்போது காத்திருக்க வேண்டும், சில்லர் தணியும்வரை, ஹால்கள் குளிர்ந்தால் அது தணியும், ஆனால் ஸ்பின்னிங் இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டதால் அவற்றின் சூடு காற்றில் சேரும், சில்லர் தணிய இன்னும் நேரமாகும், இது எனக்குத் தெரியும், சுவிட்சைப் போடுமுன்பே தெரியும். தெரிந்தே போட்டேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன், உற்பத்தி முக்கியம் என்று சொல்வேனா, பொய், அவர் சிரித்த சிரிப்புக்காகப் போட்டேன். அந்த ஹாலில் அக்கா இல்லாமல் வேறு யார் இருந்தாலும் வைண்டிங்குக்குக் காற்று போயிருக்கும். அவள் இருப்பதால் போகவில்லை. இதை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன், அவள் என் அக்காவாக இருப்பதால் அவளுக்குக் காற்று இல்லை, அவளோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இல்லை, அவர்கள் யாருடைய அக்காவோ. வேலையில் சேர்ந்த வாரம் கேண்டீனில் யாரோ சத்தமாகச் சொன்னார்கள், "சகாயமேரிக்கு இனிமே என்ன, தம்பி ஆபீசரு, ஏசியைத் திருப்பி விட்டுக்கிரும்." எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நான் மட்டும் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், சோற்றில் போட்டுப் பிசைந்தேன், அன்றிலிருந்து வைண்டிங் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்வேன், அங்கே ஒரு பல்பு எரியவில்லை என்று சொன்னால்கூட மற்ற ஹால் பல்புகளை மாற்றிவிட்டுத்தான் அதை மாற்றச் சொல்வேன், அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். எண் இறங்கவில்லை. திரையில் விரலை வைத்துத் தேய்க்கிறேன், தூசி. அங்கே இப்போது அவசர விளக்கு எரியும், சந்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், முந்தானையால் விசிறிக்கொள்வார்கள், சுவரிலிருந்து சூடு வரும், யாராவது பாட்டுப் பாடுவார்கள், முதலில் பாடுவார்கள், பிறகு பாட மாட்டார்கள். எவ்வளவு சூடு இருக்கும், நான் அளந்த அன்று பங்குனி, இது சித்திரை. ஒருவேளை கதவைத் திறந்திருப்பார்கள். திறக்க மாட்டார்கள், திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியது யார், எங்கள் டிபார்ட்மென்ட்தான், அக்கா அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டு, "உங்க ஆளுக எழுதுறதப் பாரு, தயவுசெய்துன்னு ஒரு வார்த்தை போட்டா மை தீந்திருமா" என்றாள். சில்லர், தணி. கொஞ்சம் தணி. எண் ஒரு துளி இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, இறங்கியதுதான் பொய்யாக இருக்கும். மாதக் கடைசியில் சீஃப் அந்த மீட்டருக்கு முன்னால் நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பார், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார், என் பயிற்சிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது, வேலை நிரந்தரமா இல்லையா என்று அவர்தான் எழுத வேண்டும். அந்தப் பார்வையை இப்போதே என் முகத்தில் உணர்கிறேன், ஆனால் இப்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவர் தூங்குகிறார், ஒருவர் நிச்சயதார்த்த வீட்டில் பாயசம் குடிக்கிறார், பார்த்துக்கொண்டிருப்பவன் நான் மட்டும்.

போன் அடிக்கிறது. உள்லைன், வைண்டிங். எடுத்தேன். "சார்." அக்காவின் குரல். எனக்குத் தெரியாதா அந்தக் குரல், ஆனாலும் அது சார் என்றது, கரகரத்துப்போய், சூப்பர்வைசரிடம் பேசும் மரியாதையில், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறாள், என்னை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று சொல்கிறாள். "சார், வைண்டிங்லருந்து பேசறோம். சூப்பர்வைசர் தண்ணி கொண்டாரப் போயிருக்காக. இங்க ஒரு பிள்ளை மயங்கி விழுந்துருச்சு. கதவைத் திறந்துக்கலாமுங்களா சார்?" யாருக்கா, யாரு, என்று கேட்கவில்லை, ஒரு கணம் உள்ளே ஏதோ இளகி இறங்கியது, விழுந்தது அக்கா இல்லை, விழுந்தது இவள் இல்லை, அந்த நிம்மதி காலிலிருந்து தலைவரை போய்விட்டுத் திரும்பியது, திரும்பியபின்தான் அது என்ன என்று தெரிந்தது, போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாம்போல இருந்தது. "திறக்கா. கதவைத் திற, ரெண்டு கதவையும் திற, அந்தப் பிள்ளையை வெளியே தூக்குங்க, நிழல்ல படுக்க வையுங்க, நான் காத்தைப் போடுறேன்." மிக மெதுவாக, "டேய், ஆபீஸ் போனுடா இது" என்றாள், வைத்துவிட்டாள். மொக்கைச்சாமி அண்ணன் எழுந்து நிற்கிறார். "அண்ணே, ஃபர்ஸ்ட் எய்டுக்குச் சொல்லுங்க, வைண்டிங்குக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க." எண்ணைப் பார்த்தேன், இடமில்லை. ஸ்பின்னிங்கை நிறுத்தலாமா, ஓடும் இயந்திரங்களைச் சட்டென்று நிறுத்தினால் அத்தனை நூலும் அறும், நிறுத்துவதற்குக் கோவர்த்தனன் சாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் அவர் சிரிப்பார். வைண்டிங் பட்டனை அழுத்தினேன். எழும்போது அது இழுத்தது, எல்லா மோட்டாரும் அப்படித்தான் இழுக்கும், எண் கோட்டைத் தொட்டது, தாண்டியது, திரையில் சிவப்பாயிற்று, கதவுகள் திறந்திருக்கின்றன, குளிர்ந்த காற்று பாதி வெயிலுக்குப் போகும், இனி இந்த அரை மணியும் அடுத்ததும் இறங்காது. மணி எதுவும் அடிக்கவில்லை. நான் எதிர்பார்த்த இடி எதுவும் விழவில்லை. "தாண்டிருச்சு சார்" என்றார் மொக்கைச்சாமி அண்ணன், என் சட்டையில் கறை என்று சொல்வதுபோல. தெரியும். நீங்கள் இங்கே நில்லுங்கள் அண்ணே, வேறு எதையும் போடாதீர்கள், யார் கேட்டாலும் நான் சொல்லாமல் போடக் கூடாது என்றேன் என்று சொல்லுங்கள். "மேனேஜரு கேட்டா?" அவருக்கும் அதேதான்.

வெயில் கண்ணைக் குத்துகிறது. ஸ்பின்னிங் கட்டிடத்தை ஒட்டி நடக்கிறேன், ஓட வேண்டும், ஓடினால் யாராவது பார்ப்பார்கள், இன்னமும் அதைத்தான் நினைக்கிறேன், ஓடினேன். வைண்டிங் கதவுகள் இரண்டும் அகலத் திறந்து கிடந்தன, அந்தக் கதவுகளை இப்படித் திறந்து நான் பார்த்ததே இல்லை. வாசலின் ஒடுங்கிய நிழலில் பெண்கள் உட்கார்ந்தும் நின்றும் இருந்தார்கள், முகமெல்லாம் வேகவைத்ததுபோலச் சிவந்து, பஞ்சு வியர்வையில் நனைந்து கன்னத்தில் கோடாக ஒட்டியிருந்தது. நடுவில் ஒடிசாப் பெண் ஒருத்தியைப் படுக்க வைத்திருந்தார்கள், பதினெட்டு பத்தொன்பது இருக்கும், பெயர் தெரியாது, தினமும் கேட்டில் பார்க்கும் முகம், கண் பாதி திறந்திருந்தது, உதடு ஏதோ அவள் பாஷையில் அசைந்தது. உயிர் இருக்கிறது. ஃபர்ஸ்ட் எய்ட் ஆள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா அட்டைப்பெட்டி மூடியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள், "ஜமுனா, பானி, பானி குடி, கொஞ்சூண்டு, அய்யே துப்பாத பிள்ள" என்று தெரிந்த இரண்டு வார்த்தையையும் தெரியாத மீதியையும் கலந்து பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "நீ ஏன்டா இங்க வந்த? அங்க யாரு பாக்குறா?" ஆள் இருக்கிறார் அக்கா. "போ, போ, மேனேஜரு பார்த்தா உன்னயத்தான் பேசுவாக. நாங்க பாத்துக்கிறோம், காத்துதான் வந்துருச்சுல்ல." உள்ளேயிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, ஈரமாக, பஞ்சு வாசனையோடு, வாசலைத் தாண்டி எங்கள் கால்களின்மேல் போய் வெயிலில் கலந்தது. அவள் மற்றவர்களைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாக, அவளுக்கே உரிய அந்தப் பெருமையோடு சொன்னாள், "பாத்தியளா, கரண்ட் வந்ததும் நமக்குத்தான் மொதல்ல போட்டுவிட்டுருக்கான். கேட்ட ஒடனே போட்டான்."

தூணில் சாய்ந்திருந்த ஒரு வயதான பெண், வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னாள், "பக்கத்துல அப்பவே மெசின் ஓடுச்சே. சுவத்துல காதை வச்சுக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தோம். நம்மதான் கெடந்து வெந்தோம்." ஸ்பின்னிங் இரைச்சல் இப்போதும் கேட்டது, சீராக, நிற்காமல். "அது வேற லைனா இருக்கும்க்கா" என்றாள் என் அக்கா உடனே, "அதெல்லாம் தானா ஓடுறது. அவன் கையில இருந்தா நம்மள விட்டுட்டு அங்க போடுவானா? இல்லடா தம்பி, வேற லைன்தான?" அட்டை மூடி அவள் கையில் நின்றிருந்தது. ஜமுனாவின் நெற்றியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை, அதோடு எல்லோரும் எழுந்து முகம் கழுவப் போய்விடுவார்கள், அவளும் போவாள், இரவு வீட்டில் மறுபடி அம்மாவிடம் சொல்வாள், கேட்ட ஒடனே போட்டான்மா. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் கேள்வி மெல்லக் குறைந்துகொண்டு வந்தது, நான் பேசுவதற்குள் அவளே படித்துவிடுவாள்போல இருந்தது, அதற்கு விடக் கூடாது என்று தோன்றியது.

"இல்லக்கா" என்றேன். "ஒரே லைன்தான். அங்க மொதல்ல போட்டது நான்தான்."

அக்கா என்னிடமிருந்து பார்வையை எடுத்து, குனிந்து, ஈயை ஓட்டிவிட்டு, மறுபடியும் விசிற ஆரம்பித்தாள். என் நிழல் ஜமுனாவின் முகத்தில் விழுந்திருந்தது. திரும்பாமலே, "வெயில மறைக்குதுல்ல நீ நிக்கிறது, அப்படியே நில்லு" என்றாள்.